வேலூரிலிருந்து கரீபியன் தீவுக்குக் குடும்பப் பயணம்: எந்தத் தீவு, எந்த வழி?

கேள்வி: சத்துவாச்சாரி செல்வம்

அனைவருக்கும் வணக்கம். வருகிற மே மாதப் பள்ளி விடுமுறையில் கரீபியன் தீவு ஒன்றில் பத்துப் பன்னிரண்டு நாள் தங்கிவர எண்ணியிருக்கிறோம். நான், மனைவி, ஒன்பதாம் வகுப்பு எழுதும் மகன், ஆறாம் வகுப்பில் இருக்கும் மகள், அறுபத்தேழு வயதான என் தாயார் என ஐந்து பேர். எல்லோரிடமும் கடவுச்சீட்டு இருக்கிறது. அமெரிக்க விசாவோ பிரிட்டன் விசாவோ ஒருவரிடமும் இல்லை.

இவ்வளவு தொலைவான இடத்தை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள் என்று உறவினர்கள் கேட்கிறார்கள். மகனுக்குக் கிரிக்கெட் மைதானங்களைப் பார்க்க வேண்டும், மகளுக்குக் கடலில் இறங்க வேண்டும், என் மனைவிக்கோ விடுதி மதிலுக்குள் அடைந்து கிடக்காமல் ஊருக்குள் நடந்து மனிதர்களைப் பார்க்க வேண்டும். பாலித்தீவும் அந்தமானும் ஏற்கெனவே பேசி முடிந்துவிட்டன. தாயார் முட்டைகூடச் சேர்க்காத சைவம். இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுத்துக்கொள்கிறார், மற்றபடி தினமும் காலையில் கோட்டையைச் சுற்றி நடப்பவர்.

இங்குள்ள பயண முகவர் ஒருவர் டொமினிக்கன் குடியரசு அல்லது பஹாமாஸ் என்று இரண்டு திட்டங்களைத் தந்திருக்கிறார். இரண்டும் நியூயார்க் வழி. விசாவைப் பற்றிக் கேட்டால் "அது பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்கிறார், எனக்கு அது சரியாகப் படவில்லை. பதினைந்து லட்சம் வரை செலவு செய்ய இயலும். எந்தத் தீவு எங்களுக்குப் பொருந்தும், எந்த வழியாகப் போவது, மே மாதத்தில் புயல் தொல்லை இருக்குமா, தாயாருக்குச் சாப்பாடு கிடைக்குமா என்பவற்றை அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில்: ஆம்பூர் ரஃபீக்

செல்வம் அவர்களுக்கு வணக்கம். முதலில் தீவைத் தேர்ந்தெடுத்துவிட்டுப் பிறகு வழியைத் தேடாதீர்கள். வழியை முடிவு செய்துகொண்டு, அந்த வழியில் எட்டக்கூடிய தீவைத் தேர்ந்தெடுங்கள். காலணி ஏற்றுமதி நிறுவனத்தில் அலுவலகத்தாரின் வெளிநாட்டுப் பயண ஏற்பாடுகளைக் கவனிப்பவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்.

பார்படாஸ், திரினிடாட்-டொபேகோ, கிரெனடா, டொமினிக்கா, செயின்ட் வின்சென்ட், செயின்ட் கிட்ஸ்-நெவிஸ், ஜமைக்கா ஆகிய நாடுகள் இந்தியக் கடவுச்சீட்டோடு வரும் சுற்றுலாப் பயணிகளிடம் முன்கூட்டி விசா வாங்கி வரும்படி கேட்பதில்லை. ஜமைக்காவில் 30 நாள், பார்படாஸிலும் திரினிடாடிலும் 90 நாள் வரை தங்கலாம். திரும்பி வரும் விமானச் சீட்டு, தங்குமிட முன்பதிவு, செலவுக்குப் பணம் இருப்பதற்கான சான்று ஆகியவற்றைக் குடியேற்ற அதிகாரி கேட்கக்கூடும், அவ்வளவுதான். இதைப் படித்துவிட்டுப் பலர் "விசா இல்லாத பயணம்" என்று மகிழ்ந்துவிடுகிறார்கள். ஆனால் இந்தியாவிலிருந்து எந்தக் கரீபியன் தீவுக்கும் நேரடி விமானம் கிடையாது. நடுவில் ஒரு நாட்டில் விமானம் மாற வேண்டும், அந்த நடுநாட்டு விசாதான் உங்கள் உண்மையான விசா.

அமெரிக்க விமான நிலையங்களில் குடியேற்றச் சோதனையைக் கடக்காமல் ஒரு பன்னாட்டு விமானத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற வழியில்லை. இரண்டு மணி நேரம் நிற்பவரும் இடைவழி விசாவோ சுற்றுலா விசாவோ வைத்திருக்க வேண்டும், அதற்குச் சென்னைத் துணைத் தூதரகத்தில் நேர்காணல் தேதி கிடைக்க நீண்ட நாள் காத்திருக்க நேரிடும். உங்கள் முகவரின் நியூயார்க் திட்டம் இங்கேயே நின்றுவிடுகிறது. பஹாமாஸுக்கு இந்தியருக்கு விசா வேண்டும் என்பதையும், டொமினிக்கன் குடியரசு அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஷெங்கன் (பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவானது) விசாக்களில் ஒன்றாவது வைத்திருப்பவருக்கே எளிதாகக் கதவைத் திறக்கிறது என்பதையும் அவர் சொல்லியிருக்க வேண்டும். டொமினிக்கன் குடியரசும் டொமினிக்காவும் இரண்டு வேறு நாடுகள் என்பதால், சீட்டு எடுக்கும்போது ஊர்ப் பெயரையும் விமான நிலையப் பெயரையும் சேர்த்துச் சரிபாருங்கள். கனடா வழியும் இந்தியருக்கு விசாவோடுதான்.

உங்களுக்கு ஏற்றது இலண்டன் வழி. சென்னையிலிருந்து ஹீத்ரோவுக்கு நேரடி விமானம் இருக்கிறது, இலண்டனிலிருந்து பார்படாஸ், ஆன்டிகுவா, செயின்ட் லூசியா, ஜமைக்கா முதலிய தீவுகளுக்கு விமானங்கள் போகின்றன. விமான நிலையத்தை விட்டு வெளியே வராமல் மாறுகிற இந்தியரும் பிரிட்டனின் இடைவழி விசா எடுக்க வேண்டும்; அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து விசா வைத்திருப்பவர்களுக்கு விலக்கு உண்டு, வெறும் ஷெங்கன் சுற்றுலா விசாவுக்கு அந்த விலக்கு இல்லை.

பலரும் இடறுகிற இடம் ஒன்று இருக்கிறது. சென்னை-இலண்டன் ஒரு சீட்டாகவும் இலண்டன்-தீவு வேறு சீட்டாகவும் மலிவு விலை பார்த்துத் தனித்தனியே எடுத்தால், பெட்டியை இலண்டனில் வெளியே வந்து வாங்கி மீண்டும் ஒப்படைக்க வேண்டியிருக்கும். சில கரீபியன் விமானங்கள் ஹீத்ரோவில் அல்லாமல் கேட்விக்கிலிருந்து புறப்படும், அப்போது ஊரைக் கடந்து மற்றொரு விமான நிலையத்துக்குப் போக வேண்டும். இரண்டு நிலையிலும் வெளியே வராதவருக்கான இடைவழி விசா செல்லாது, சென்னையிலேயே ஏற்ற மறுத்துவிடுவார்கள். ஆகவே ஒரே முன்பதிவு எண்ணில், ஒரே நிலையத்தில் மாறும் சீட்டாக எடுங்கள்.

என் யோசனை, இடைவழி விசாவை விட்டுவிட்டு ஐந்து பேருக்கும் பிரிட்டனின் வழக்கமான ஆறு மாதச் சுற்றுலா விசாவையே எடுத்துவிடுங்கள் என்பதுதான். செலவு கூடுதல் என்பது உண்மை. ஆனால் சென்னை-இலண்டன் பத்து மணி நேரத்துக்கு மேல், அங்கிருந்து பார்படாஸ் ஏறத்தாழ ஒன்பது மணி நேரம் என்றால், அறுபத்தேழு வயது அம்மாவை அடுத்தடுத்து உட்கார வைத்துக் கூட்டிப்போவது சரியல்ல. இரண்டு இரவு இலண்டனில் தங்கினால் பிள்ளைகளுக்கு லார்ட்ஸ் மைதானமும் காட்டலாம். பயணத் தேதிக்கு மூன்று மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், வழக்கமாக முடிவு வர மூன்று வாரம் பிடிக்கும். கோடையில் கூட்டம் அதிகம் என்பதால் பிப்ரவரி இறுதியிலேயே சென்னையில் கைரேகைப் பதிவை முடித்துவிடுங்கள், பிள்ளைகளும் நேரில் வர வேண்டும்.

முகவரிடம் மொத்தத் திட்டமாக வாங்கினால் வரிப் பிடித்தம் உண்டு. அதை வருமான வரிக் கணக்கில் ஈடுசெய்துகொள்ளலாம் என்றாலும் பணம் சிறிது காலம் முடங்கும் என்பதைக் கணக்கில் வையுங்கள்.

பதில்: வாலாஜா வாசுகி

ரஃபீக் அவர்கள் வழியைச் சொல்லிவிட்டார், நான் ஊரைப் பற்றிச் சொல்கிறேன். உங்கள் தாயாரின் உணவை முதன்மையாக வைத்தால் திரினிடாடைத் தவிர வேறு தீவை யோசிக்கவே வேண்டாம் என்பது என் கருத்து. என் கணவர் செயின்ட் அகஸ்டினில் உள்ள வெஸ்ட் இண்டீஸ் பல்கலைக்கழக வளாகத்தில் பணியாற்றியபோது நாங்கள் அங்கே வாழ்ந்தோம், சைவ உணவுக்காக ஒரு நாளும் அலைந்ததில்லை.

அந்நாட்டு மக்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்திய வம்சாவளியினர். 1845 மே 30 அன்று ஃபட்டேல் ரசாக் என்ற கப்பல் கல்கத்தாவிலிருந்து முதல் ஒப்பந்தக் கூலிகளை இறக்கியது. 1917 வரை ஏறத்தாழ 1,44,000 பேர் வந்து சேர்ந்தார்கள். பெரும்பாலோர் இன்றைய உத்தரப் பிரதேசம், பீகார் பகுதியினர். சென்னைத் துறைமுகத்திலிருந்து போனவர்கள் சிறுபான்மைதான், ஆனாலும் அவர்கள் கொண்டுபோன காளி வழிபாடு, தப்பு அடித்து அருள் வந்து ஆடும் முறையோடு இன்றும் சில கோயில்களில் நடக்கிறது. நம் ஊர் ஆடி மாதத் திருவிழாவைப் பார்த்தவர்களுக்கு அங்கே எதையும் விளக்க வேண்டியதில்லை. மே 30 அங்கே அரசு விடுமுறை, உங்கள் பயணம் மாத இறுதியில் அமைந்தால் அந்த நாளின் ஊர்வலங்களைப் பார்க்கலாம்.

காலை உணவாகத் தெருவோர வண்டியில் டபிள்ஸ் விற்பார்கள். மஞ்சள் சேர்த்துப் பிசைந்து பொரித்த இரண்டு மெல்லிய மாவுத் தட்டுகளுக்கு நடுவே குழைய வேகவைத்த கொண்டைக்கடலை, மேலே புளிச்சட்னி, வெள்ளரி, காரம். "கொஞ்சம் காரம்" என்று சொல்லத் தெரிந்துகொள்ளுங்கள், அவர்களுடைய மிளகாய் நம் குண்டூர் மிளகாயைத் தோற்கடிக்கும். பருப்பை அரைத்து உள்ளே வைத்துச் சுட்ட ரொட்டியும், அதோடு பூசணி, உருளை, கீரை வதக்கலும் எல்லாக் கடைகளிலும் கிடைக்கும். வாட்டர்லூவில் கடலுக்குள் ஒரு கோயில் இருக்கிறது. சர்க்கரை ஆலை நிலத்தில் தாம் கட்டிய கோயில் 1952இல் இடிக்கப்பட்டபோது, சிவதாஸ் சாது என்ற கரும்புத் தோட்டத் தொழிலாளி, கடல் ஒருவருக்கும் சொந்தமில்லை என்று கல்லையும் மண்ணையும் மிதிவண்டியில் சுமந்துபோய்க் கடலுக்குள் மேடு எழுப்பி மீண்டும் கட்டினார். தாயாரைக் கட்டாயம் அழைத்துச் செல்லுங்கள்.

மகனுக்குக் குயின்ஸ் பார்க் ஓவல். 1971இல் கவாஸ்கர் முதல் டெஸ்ட் ஆடியதும், மேற்கிந்தியத் தீவுகளை இந்தியா முதன்முறை வென்றதும் இந்த மைதானத்தில்தான். அந்த ஆட்டத்தின் இரண்டாம் இன்னிங்ஸில் ஐந்து விக்கெட் எடுத்தவர் நம் வெங்கட்ராகவன். மகளுக்கு டொபேகோவின் பவளப்பாறைகளும் இடுப்பளவு நீரில் நடுக்கடலில் நிற்கும் நைலான் பூலும் போதும். மே மாதத்தில் கிராண்ட் ரிவியேர் கடற்கரையில் உலகின் மிகப் பெரிய கடலாமையான தோல்முதுகு ஆமை இரவில் கரையேறி முட்டையிடும். அனுமதிச் சீட்டுப் பெற்று வழிகாட்டியோடு போய்ப் பார்க்கலாம்.

குறையையும் சொல்ல வேண்டும். தலைநகர் போர்ட் ஆஃப் ஸ்பெயினில் குற்றங்கள் அதிகம். 2024 டிசம்பர் இறுதியிலும் 2025 ஜூலையிலும் அரசு நெருக்கடி நிலையை அறிவித்தது. இருட்டிய பிறகு நகருக்குள் நடக்கக் கூடாது, தெரிந்த வாடகைக் காரில்தான் போக வேண்டும். ஊருக்குள் சுதந்திரமாக நடக்க விரும்பும் உங்கள் மனைவிக்கு இது நெருடலாக இருக்கலாம்.

பதில்: காட்பாடி செவிலி

வாசுகி அம்மா எழுதியதைப் படித்து எனக்கே போக ஆசை வந்துவிட்டது. ஆனால் செல்வம் அவர்களின் குடும்பத்துக்குத் திரினிடாடை நான் பரிந்துரைக்க மாட்டேன். காரணம் மஞ்சள் காய்ச்சல்.

மஞ்சள் காய்ச்சல் அபாயமுள்ள நாடுகளின் பட்டியலில் திரினிடாட் இருக்கிறது. அத்தகைய நாட்டிலிருந்து வருபவரிடம் இந்திய அரசு தடுப்பூசிச் சான்றிதழ் கேட்கும். இல்லாவிட்டால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தும். நம் நாட்டில் இந்த நோய் கிடையாது, ஆனால் அதைப் பரப்பக்கூடிய ஏடிஸ் கொசு தெருவெங்கும் இருக்கிறது. டெங்குவைப் பார்த்த நமக்கு இந்தக் கண்டிப்பின் காரணம் புரியும். ஆகவே "திரினிடாட் நம்மை உள்ளே விடுமா" என்று கேட்டால் போதாது, "நம் ஊர் நம்மைத் திரும்ப உள்ளே விடுமா" என்றும் கேட்க வேண்டும்.

தடுப்பூசியைச் சென்னை கிண்டியில் உள்ள கிங் நோய்த்தடுப்பு நிலையத்தில் போடுகிறார்கள். முன்பதிவு செய்து, அசல் கடவுச்சீட்டோடு நேரில் போக வேண்டும். ஊசி போட்ட பத்தாம் நாள் முதல்தான் சான்றிதழ் செல்லும். 2016 முதல் ஒருமுறை போட்டால் வாழ்நாள் முழுவதும் செல்லுபடியாகும். உங்களுக்கும் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் இதில் சிக்கல் இருக்காது, முட்டை ஒவ்வாமை இருந்தால் மட்டும் முன்கூட்டிச் சொல்லுங்கள்.

தாயாரின் நிலை வேறு. இது உயிருள்ள, வீரியம் குறைக்கப்பட்ட கிருமியைக் கொண்ட தடுப்பூசி. அறுபது வயதுக்கு மேல் முதன்முறையாகப் போட்டுக்கொள்பவர்களுக்கு அரிதாக, ஆனால் கடுமையான பக்கவிளைவுகள் வருவதற்கான வாய்ப்பு இளையோரைவிடக் கூடுதல். வேலைக்காகவோ பிள்ளைகளைப் பார்க்கவோ போயே ஆக வேண்டியவர்கள் மருத்துவரோடு பேசி அந்த அபாயத்தை ஏற்பதுண்டு. பத்து நாள் உல்லாசப் பயணத்துக்காக அதை ஏற்க வேண்டுமா என்பதை உங்கள் குடும்ப மருத்துவரிடம் கேளுங்கள், நானாக இருந்தால் ஏற்க மாட்டேன். பார்படாஸ் அந்தப் பட்டியலில் இல்லை.

எந்தத் தீவுக்குப் போனாலும் பயணக் காப்பீட்டில் தாயாரின் இரத்த அழுத்தத்தை மறைக்காமல் எழுதுங்கள். மாத்திரைகளை அசல் அட்டையோடும், மருந்தின் வேதிப்பெயர் எழுதிய மருத்துவர் சீட்டோடும் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே நேரம் நமக்கு ஒன்பதரை மணி பின்னால் என்பதால், காலை மாத்திரையை எப்போது மாற்றிக்கொள்வது என்பதையும் கிளம்பும் முன்பே கேட்டு எழுதிவையுங்கள்.

சத்துவாச்சாரி செல்வம்

மூவருக்கும் நன்றி. கடலுக்குள் இருக்கும் கோயிலைப் பற்றி வாசித்துக் காட்டியதும் தாயார் திரினிடாடுக்கே போகலாம் என்றார். தடுப்பூசிச் செய்தியைக் கேட்டதும் அவரே வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார். அப்படியானால் பார்படாஸா? அங்கே கிரிக்கெட்டும் கடலும் உண்டு என்று தெரியும், சைவச் சாப்பாட்டைப் பற்றித்தான் கவலை. தமிழர் வழித்தோன்றல்கள் வாழும் பிரெஞ்சுத் தீவுகளைப் பற்றியும் கேள்விப்பட்டிருக்கிறேன், அவை இயலுமா?

பதில்: ஆரணி அன்பன்

குவாதலூப், மார்த்தினிக் இரண்டையும் கேட்கிறீர்கள். எங்கள் குடும்பத்தின் ஒரு கிளை புதுச்சேரியில் பிரெஞ்சுக் குடியுரிமையோடு இருப்பதால் ஓரளவு அறிவேன். 1853 மே மாதம் ஒரேலி என்ற கப்பல் மார்த்தினிக்கிலும், 1854 டிசம்பரில் குவாதலூப்பிலும் முதல் இந்தியக் கூலிகளை இறக்கியது. புதுச்சேரி, காரைக்கால் வழியாகப் போனவர்களில் அக்கம்பக்கத்து ஆங்கிலேய ஆட்சி மாவட்டத்தாரும் இருந்தார்கள். குவாதலூப்பின் காப்பெஸ்தேர் அருகே ஷாங்ஜி என்னுமிடத்தில் உள்ள மாரியம்மன் கோயிலின் கோபுரம் வாழைத் தோட்டங்களுக்கு நடுவே தெரியும். தமிழ் பேசுவோர் இல்லை, வழிபாட்டில் மட்டும் மனப்பாடமாக வந்த வரிகள் ஒலிக்கின்றன. வாக்குரிமையும் குடியுரிமையும் கேட்டு 1904 முதல் வழக்காடிய ஹென்றி சிதம்பரம் பிறந்த மண் அது. கொழும்புப் பொடி என்ற பெயரில் நம் மசாலா அந்த ஊர்ச் சமையலில் நிலைத்துவிட்டது, ஆனால் அதைப் பெரும்பாலும் ஆட்டிறைச்சியிலும் கோழியிலும்தான் போடுகிறார்கள்.

ஆனால் உங்களுக்கு இப்போது வேண்டாம் என்பேன். இவை பிரான்ஸின் கடல்கடந்த மாவட்டங்களாக இருந்தும் ஷெங்கன் பகுதிக்குள் அடங்குவதில்லை. சாதாரண ஷெங்கன் விசாவோடு போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், விண்ணப்பத்தில் அந்தத் தீவையே சேருமிடமாகக் குறிப்பிட்டுத் தனியே விசா பெற வேண்டும். பாரிஸில் பல விமானங்கள் ஓர்லி நிலையத்திலிருந்து புறப்படுவதால் நடுவில் ஷெங்கன் விசாவும் தேவைப்படும். பிரெஞ்சு மொழி தெரியாமல் தாயாரின் சைவத்தை விளக்குவது இன்னொரு பாடு. பிள்ளைகள் வளர்ந்த பிறகு, தேடலோடு போக வேண்டிய இடம் அது.

பதில்: திருவலம் கண்ணன்

பார்படாஸுக்கு நான் இலண்டனில் வேலை பார்த்த காலத்தில் குடும்பத்தோடு போய் வந்தவன். உங்கள் ஐந்து பேரின் பட்டியலையும் பார்த்தால், அம்மாவின் கோயிலைத் தவிர மற்றவை எல்லாம் அங்கே நிறைவேறும்.

சிறிய தீவு, 431 சதுர கிலோமீட்டர்தான். வேலூரும் பார்படாஸும் ஏறத்தாழ ஒரே அட்சரேகையில், 13 பாகையை ஒட்டி இருக்கின்றன. ஆகவே வெயிலின் கோணமும் பொழுது சாயும் நேரமும் பழகியவையாகவே இருக்கும், ஆனால் கத்திரி வெயிலில் இங்கே நாற்பதைத் தாண்டும்போது அங்கே கடற்காற்றில் முப்பது, முப்பத்தொன்றோடு நின்றுவிடும். புயல் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை, அதிலும் ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரைதான் உச்சம். மே மாதம் அதற்கு முந்தையது. ஐரோப்பியரும் அமெரிக்கரும் குளிருக்குப் பயந்து வந்து குவியும் டிசம்பர்-ஏப்ரல் காலம் முடிந்துவிடுவதால் அறை வாடகையும் இறங்கியிருக்கும். நம் பள்ளி விடுமுறை இந்த இடைவெளியில் விழுவது உங்கள் நல்ல நேரம்தான். ஜூன் இறுதிக்குத் தள்ளிவிடாதீர்கள். 2024 ஜூன் 29 அன்று பிரிட்ஜ்டவுனின் கென்சிங்டன் ஓவலில் தென் ஆப்பிரிக்காவை வென்று இருபது ஓவர் உலகக் கோப்பையை வாங்கிய நம் அணியே பெரில் புயலால் விமான நிலையம் மூடப்பட்டுச் சில நாள் அங்கேயே மாட்டிக்கொண்டது. அதே புயல் கிரெனடாவைச் சேர்ந்த கரியாக்கூ தீவைத் தரைமட்டமாக்கியது. ஜமைக்காவை யாராவது பரிந்துரைத்தால், 2025 அக்டோபரில் மெலிசா புயல் அதன் மேற்குப் பகுதியைச் சிதைத்துவிட்டுப் போனதை நினைவில் வையுங்கள், மாண்டெகோ பே பக்கம் தங்குமிடம் எடுக்கும் முன் அதன் இன்றைய நிலையை விசாரிக்க வேண்டும்.

தங்குவதற்குத் தென்கரையைத் தேர்ந்தெடுங்கள். வொர்திங், ஹேஸ்டிங்ஸ் பகுதிகளில் சமையலறையோடு கூடிய வாடகை வீடுகள் கிடைக்கும், மேற்குக்கரையைவிட வாடகை குறைவு. ஹேஸ்டிங்ஸிலிருந்து ராக்லி வரை கடலை ஒட்டி நடைபாதை போட்டிருக்கிறார்கள், கோட்டையைச் சுற்றி நடக்கும் அம்மாவுக்கு அது போதுமானது. பேருந்துகள் அடிக்கடி ஓடுகின்றன. மஞ்சள் நிறச் சிற்றுந்துகளில் பாட்டுச் சத்தம் காதைப் பிளக்கும், நீல நிற அரசுப் பேருந்தில் ஏறுங்கள். பார்படாஸ் டாலர் இரண்டு கொடுத்தால் ஒரு அமெரிக்க டாலர் என்ற நிலையான கணக்கு, கடைகளில் அமெரிக்க டாலரையும் வாங்கிக்கொள்வார்கள்.

சாப்பாட்டைப் பொறுத்தவரை வாசுகி அம்மா சொன்ன வசதி இங்கே இல்லை என்பது உண்மை. மீனும் கோழியும்தான் ஊர்ச் சாப்பாடு. திரினிடாட்காரர்கள் நடத்தும் ரொட்டிக் கடைகளில் உருளைக்கிழங்கும் கொண்டைக்கடலையும் வைத்துச் சுருட்டித் தருவார்கள், பிள்ளைகளுக்கு அது போதும். அம்மாவுக்கு வீட்டிலேயே சமைத்துவிடுவதுதான் வழி. பேரங்காடிகளில் அரிசி, துவரை, பூசணி, வெண்டை, கத்தரி, பச்சை வாழை, சீமைப்பலா எல்லாம் கிடைக்கும். குழாய் நீரையே குடிக்கலாம், சுண்ணாம்புப் பாறையில் வடிகட்டப்பட்டு வருகிறது. பொடி வகைகளைக் கடையில் மூடி ஒட்டிய பாக்கெட்டாகக் கொண்டுபோய்ச் சுங்கப் படிவத்தில் எழுதிவிடுங்கள். கறிவேப்பிலை, பழம், விதை எதுவும் எடுத்துப்போகாதீர்கள். உங்கள் மிக்சியையும் மின்னடுப்பையும் வீட்டிலேயே விட்டுச் செல்லுங்கள், அங்கே மின்னழுத்தம் 115 வோல்ட். கைப்பேசி மின்னேற்றி வேலை செய்யும், தட்டையான இரு முனைச் செருகி மட்டும் வேண்டும்.

கடலைப் பற்றி ஒரு வார்த்தை கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். மேற்கிலும் தென்மேற்கிலும் கடல் ஏரியைப் போல் அமைதியாக இருக்கும். கார்லைல் விரிகுடாவில் ஆழமற்ற நீரில் மூழ்கிய கப்பல்களையும் ஆமைகளையும் முகக்கண்ணாடி போட்டுக்கொண்டு பார்க்கலாம், உங்கள் மகளுக்கு ஏற்ற இடம். கிழக்கே பாத்ஷீபா பார்க்க அழகு, ஆனால் அட்லாண்டிக் அலை ஆளை இழுத்துவிடும். அங்கே இறங்கவே விடாதீர்கள். மே மாதத்தில் அந்தப் பக்கம் சர்காசம் கடற்பாசி ஒதுங்கி அழுகி நாறவும் கூடும். கடற்கரையில் சில மரங்களில் சிவப்பு வளையம் பூசியிருப்பார்கள், அது மன்சனீல் மரம். சிறிய ஆப்பிள் போன்ற பழம் கடும் விஷம், மழைக்கு அதன் கீழ் ஒதுங்கினால் சொட்டும் நீரே தோலைப் புண்ணாக்கும். மகன் இராணுவ உடையைப் போல் திட்டுத்திட்டாக நிறம் போட்ட கால்சட்டையோ தொப்பியோ வைத்திருந்தால் எடுத்துவராதீர்கள். பார்படாஸில் பொதுமக்கள் அந்த உடையை அணிவது சட்டப்படி குற்றம், குழந்தைகளுக்கும் விலக்கில்லை.

கென்சிங்டன் ஓவலில் சோபர்ஸ் சிலை இருக்கிறது, அருகிலேயே கிரிக்கெட் வீரர்களின் அருங்காட்சியகமும் உண்டு. உங்கள் மகன் உண்மையான பித்தன் என்றால் கேவ் ஹில் பல்கலைக்கழக வளாகத்துக்கும் கூட்டிப்போங்கள், அந்தக்கால மேற்கிந்தியக் கிரிக்கெட் வீரர்களான வொரெலும் வால்காட்டும் அடக்கம் செய்யப்பட்ட இடம் அங்கேயுள்ள மைதானத்தை ஒட்டியது. ஹாரிசன் குகைக்குள் சிறு வண்டியிலேயே உட்கார்ந்தபடி சுண்ணாம்புத் தூண்களையும் நீரோடையையும் பார்த்துவரலாம், அம்மா படி ஏற வேண்டியதில்லை. வெள்ளிக்கிழமை இரவு ஆய்ஸ்டின்ஸ் மீன் சந்தைக்கு ஊரே திரளும். உங்கள் மனைவி விரும்பும் மனிதக் கூட்டம் அதுதான், ஆனால் மீன் வாடை அம்மாவுக்கு ஒத்துவராது.

சத்துவாச்சாரி செல்வம்

கண்ணன் அவர்களுக்கும் அன்பன் அவர்களுக்கும் நன்றி. வீட்டில் பேசி முடிவெடுத்துவிட்டோம்: மே முதல் வாரம் கிளம்பி, இலண்டனில் இரண்டு இரவு, பார்படாஸில் பத்து இரவு. முகவரிடம் விமானச் சீட்டை மட்டும் ஒரே முன்பதிவில் எடுத்துத் தரக் கேட்டிருக்கிறேன், தங்குமிடத்தை நாங்களே பார்த்துக்கொள்கிறோம். ஒரே ஒரு சந்தேகம். பார்படாஸ் குடியேற்றப் படிவத்தை இணையத்தில் நிரப்பக் கட்டணம் கேட்கும் தளம் ஒன்றைப் பார்த்தேன், அது உண்மைதானா?

பதில்: ஆம்பூர் ரஃபீக்

அந்தப் படிவத்துக்குக் கட்டணம் கிடையாது. பார்படாஸ் அரசின் தளத்தில் இலவசமாக நிரப்பலாம். பணம் கேட்பவை இடைத்தரகர்களின் தளங்கள். ஐந்து பேருக்கும் நிரப்பியதும் வரும் குறியீட்டை அச்சிட்டும் வைத்துக்கொள்ளுங்கள், இறங்கும்போது கைப்பேசியில் மின்னேற்றம் தீர்ந்திருக்கும். திரும்பும் சீட்டும் வாடகை வீட்டின் முகவரியும் அதே உறையில் இருக்கட்டும்.